விதையாமல் விளையும் கீரை

தமிழ்நாட்டிலிருந்து புதிதாகச் சித்தூருக்கோ திருப்பதிக்கோ குடிவந்த குடும்பத் தலைவி ஒருவர், வந்த முதல் வாரத்தில் கீரை வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடையில் இருப்பது இன்னது என்று கண் உடனே அறிந்துகொள்கிறது. வாய்தான் சற்றுத் தடுமாறுகிறது. 'முளைக்கீரை என்ன விலை?' என்று இவர் கேட்க, 'தோட்டகூரயா அம்மா?' என்று கூடைக்கார அம்மாள் திருப்பிக் கேட்கிறார். அவருக்குத் தமிழும் ஒருவாறு தெரியும். இரண்டு நாளில் இவரும் தோட்டகூர என்றே கேட்கப் பழகிவிடுகிறார். பசலைக்குப் பச்சலி, பொன்னாங்கண்ணிக்குப் பொன்னகண்டி, புளிச்சைக்குக் கோங்கூர என்று ஒவ்வொரு பெயராகக் கைவசமாகிறது. விலைக்கு வருகின்ற கீரையைப் பொறுத்தவரை, குடிபெயர்ந்தவருக்கு நேரும் இடையூறு இவ்வளவுதான்.

ஆனால் கூடைக்கு வராத கீரைகளும் உண்டு. வீட்டுக் கொல்லையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குப்பைமேட்டிலும் யாரும் விதைக்காமலே முளைத்து நிற்பவை அவை. அவற்றுக்கு விலை இல்லை. ஆகவே விற்பவரும் இல்லை. ஆகவே பெயரைச் சொல்லித் தருவாரும் இல்லை. சொந்த ஊரில் பாட்டி பறித்து வந்து மடியிலிருந்து கொட்டிய கீரையை, வந்த ஊரில் அடையாளம் கண்டாலும் பறிக்கத் தயங்குகிறோம். 'இந்த ஊரில் இதை உண்பார்களா? பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்?' என்ற எண்ணம் கையைப் பிடித்து இழுக்கிறது. அந்தத் தயக்கம் ஒரு தலைமுறை நீடித்தால் போதும். அடுத்த தலைமுறைக்கு அது வெறும் களை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த விதையாக் கீரைகளைப் பற்றித்தான்.

முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை ஆகிய எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தாவர நூலார் அவ்வினத்தை அமராந்தஸ் என்பர். வாடாதது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்த பெயர் அது. இவற்றின் காட்டு உறவினர்களாக இரண்டை எல்லோரும் கண்டிருப்போம். ஒன்று, கணுதோறும் முள் உள்ள முள்ளுக்கீரை. தெலுங்கில் முள்ள தோட்டகூர. மற்றது, தெருவோரத்துக் குப்பைக்கீரை. தெலுங்கில் இதனைச் சிலக தோட்டகூர என்பதுண்டு. சிலக என்றால் கிளி. பெயரைப் பிரித்துப் பார்த்தால் கிளியின் தோட்டக்கீரை என்று வருகிறது. நாம் குப்பையைச் சொல்லிப் பெயரிட்டதற்கு அவர்கள் கிளியைச் சொல்லிப் பெயரிட்டார்கள், செடி ஒன்றே.

இந்தக் குடும்பம் பெரியது. பண்ணைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் இதில் அடங்கும். வேலியோரத்து நாயுருவி, மாலையில் தொடுக்கும் வாடாமல்லி, கோழிக்கொண்டைப் பூ எல்லாம் இதன் உறுப்பினர்களே. பொங்கலை ஒட்டி வாசலில் காப்புக் கட்டுவதற்காக நாம் தேடுகிற சிறுபீளையும் இக்குடும்பத்ததுதான். முன்பு தனிக் குடும்பமாக வைத்து எண்ணப்பட்ட பாலக், பீட்ரூட் முதலியவற்றையும் இக்காலத் தாவர நூலார் இதனுடனே சேர்த்துவிட்டனர். இவர்களுக்குள் உறவு இருப்பதை அடுக்களையிலேயே காணலாம். செங்கீரையைக் கழுவும் நீரிலும் பீட்ரூட்டை நறுக்கும் கையிலும் ஏறுகின்ற சிவப்பு ஒரே வகைச் சாயம். பீட்டாலெயின் என்று அதற்குப் பெயர். செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் சிவப்புத் தருவது வேறு வகை. பூக்கும் தாவரங்களில் இந்தச் சாயம் இக்குடும்பத்திலும் இதன் நெருங்கிய உறவினரிடத்திலும் மட்டுமே காணப்படுகிறது.

கீரை இனத்தின் வலிமை இரண்டு. முதலாவது, கடும் வெயிலில் பல பயிர்கள் சோர்ந்து நிற்கும்போது இது தளராமல் வளரும். சோளமும் கரும்பும் போலவே, குறைந்த நீரைக் கொண்டு மிகுந்த வெளிச்சத்தைப் பயன்படுத்தும் அமைப்பு இதன் இலைக்கு இருக்கிறது. இரண்டாவது, விதை. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதைக்கும். கடுகினும் சிறிய அந்த விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கி, மண் கிளறப்பட்டு ஈரமும் வெளிச்சமும் கிடைத்த நாளில் எழும். வீடு கட்டக் கடைக்கால் தோண்டிய மண்மேட்டில், முதல் மழைக்குப் பின் கீரை முளைத்திருப்பதைக் கண்டு வியந்திருப்பீர்கள். அது எங்கிருந்தோ வந்ததன்று. அங்கேயே காத்திருந்தது.

இனிக் கடற்கரைக்குச் செல்வோம். திருப்பதியில் இருந்துகொண்டு கடற்கரையை நினைப்பது ஏன் என்று கேட்கலாம். சந்திரகிரிப் பக்கத்து மலைகளிலிருந்து புறப்பட்டுத் திருப்பதியை அடுத்து ஓடி, திருக்காளத்திக் கோயிலின் அருகே செல்லும் ஆற்றைத் தெலுங்கில் சுவர்ணமுகி என்றும் நம் புராணங்களில் பொன்முகலி என்றும் வழங்குவர். அந்த ஆறு நாயுடுபேட்டையைத் தாண்டிச் சென்று வங்கக் கடலில் கலக்கிறது. 1911-ஆம் ஆண்டில் அமைந்த பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமானபோது, நெல்லூரிலிருந்து சூலூர்பேட்டைப் பகுதியும் அதனோடு சேர்ந்தது. ஆகவே வேங்கட மலையும் ஸ்ரீஹரிகோட்டாக் கடற்கரையும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

அந்தக் கரையின் அமைப்பைச் சிறிது நினைத்துப் பாருங்கள். ஒரு புறம் வங்கக் கடல். மறுபுறம் பழவேற்காட்டு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இரண்டுக்கும் நடுவே நீண்ட மணல்தீவாக ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் ராக்கெட்டுகள் எழும் இடம் என்று உலகம் அறிந்த அதே தீவுதான். கடலை ஒட்டிய மணலில் அடும்பங்கொடி படரும். இராவணன் மீசை என்னும் கூரிய புல் உருண்டோடும். உள்ளே ஏரிப் பக்கம் வந்தால், நீர் ஏறி வற்றிய உப்புத் தரையில் வேறு செடிகள் தென்படும். அவற்றுள் ஒன்று உமரி.

உமரி என்ற பெயர் உவர்நிலச் செடிகள் சிலவற்றுக்குப் பொதுவாக வழங்குகிறது. நான் சொல்வது இலையுள்ள உமரியை. முழங்கால் அளவுக்கு மேல் உயராத ஓராண்டுச் செடி. விரல் நீளத்துக்கும் குறைவான, சதைப்பற்று மிக்க, உருண்டு நீண்ட இலைகள். இளமையில் பசுமையாக இருந்து, முதிர முதிரச் செடி முழுவதும் சிவக்கும். செங்கீரையின் சிவப்பே இதுவும். வேறு செடியாயின் ஒரே நாளில் கருகிவிடும் உப்பு மண்ணில் இது எப்படி வாழ்கிறது? உப்பைத் தள்ளி வைக்காமல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. இலையின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர்ப்பைகளில் அந்த உப்பை அடைத்து, மேலும் மேலும் நீரை இழுத்து அதனை நீர்க்கச் செய்கிறது. இலை தடித்திருப்பது இதனாலேயே. வாயில் இட்டுப் பார்த்தால் கரிக்கும். கடற்கரைச் சிற்றூர்களில் இதன் தளிரைப் பறித்துப் பலமுறை அலசி, கொதிநீரில் வேகவைத்து, நீரை வடித்துப் பிழிந்து, பருப்புடனோ தேங்காயுடனோ சமைப்பார்கள். உப்பு போடத் தேவையில்லை.

இந்தச் செடியைப் பற்றி இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று உண்டு. எழுதியவர் வில்லியம் ராக்ஸ்பரோ. ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர். 1776-இல் சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியேற்றவர். பிறகு காக்கிநாடாவுக்கு அருகில் உள்ள சாமல்கோட்டையில் பல ஆண்டுகள் தங்கி, தெலுங்கு நாட்டுக் கரையோரத்துச் செடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1793-இல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராகச் சென்றார். அவர் சாமல்கோட்டையில் இருந்த காலத்தில்தான் வடசர்க்கார் நாட்டை ஒரு கொடும் பஞ்சம் வாட்டியது. உவர்நிலத்துச் செடி ஒன்றை வருணிக்கும் இடத்தில் அவர் பஞ்சத்தையும் நினைவுகூர்கிறார். கடலோரத்தில் வாழும் எல்லா வகுப்பாரும் இதன் பச்சை இலையை உண்பது வழக்கம் என்கிறார். 1791, 92, 93-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் இச்செடியின் இலை மட்டுமே பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்றும், அது கிடைத்தவரை கடலோர ஏழைகளில் பெரும்பாலோருக்கு வேறு உணவே அரிதாக இருந்தது என்றும் எழுதுகிறார். அதன் தெலுங்குப் பெயரையும் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார். நம் உமரிக் குலத்துச் செடிதான் அது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பஞ்சம் வந்தபின் கீரையைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர் அவர்கள். பஞ்சமில்லாத காலத்திலும் எல்லோரும் உண்டுவந்த கீரை அது. எந்தத் தளிர் உண்ணத்தக்கது, எத்தனை முறை அலச வேண்டும், எந்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். அன்றாட வழக்கமாக இருந்த காரணத்தால்தான் ஆபத்துக் காலத்தில் அந்த அறிவு உதவிற்று. வழக்கம் அறுந்துபோயிருந்தால், உமரி செழித்து நின்ற நிலத்தின் நடுவிலேயே மக்கள் பட்டினி கிடந்திருப்பார்கள்.

வழக்கத்தை அறுப்பது எது? பெரும்பாலும் வெட்கம். இது புதிய நோயன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. வறுமையுற்ற பாணன் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பு வாங்கவும் வழியின்றி உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறங்கூறுவோர் கண்ணில் படக்கூடாது என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வேளை வேறு குடும்பத்துக் கீரை. ஆயினும் அந்த அடைத்த கதவு நாம் அறிந்த கதவுதான். பசியைவிட, பசி பிறருக்குத் தெரிவதே அவளுக்குப் பெரிய துன்பமாகிறது. உறவும் ஊரும் அறிந்த இடத்திலேயே இந்த நாணம் என்றால், மொழி வேறான ஊரில் வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமா? விலை கொடுத்து வாங்கிய கட்டுக் கீரை கௌரவம். வேலியோரத்தில் பறித்தது வறுமை. இந்தக் கணக்கை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, நாமே கற்றுக்கொண்டோம்.

சரி, அறிந்தவர்கள் இருந்தால் மட்டும் போதுமா? செடி நிற்க இடமும் வேண்டுமே. இதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மாசசூசெட்ஸ் முதல் தென் கரோலினா வரை, கடல்மணலிலேயே வளரும் ஒரு காட்டுக்கீரை உண்டு. அமராந்தஸ் பூமிலஸ் என்பது அதன் பெயர். நம் முளைக்கீரைக்கு நேர் உறவு. சிவந்த தண்டு தரையோடு படரும்; சிறிய வட்ட இலையின் நுனியில் ஒரு வெட்டு இருக்கும். நம் குப்பைக்கீரையின் இலைநுனியிலும் இத்தகைய வெட்டைக் காணலாம். ஓராண்டுதான் வாழ்வு. அலையேறும் எல்லைக்குச் சற்று மேலே, வேறு எதுவும் முளைக்காத வெறுமணலில் வசந்தத்தில் முளைக்கும். காற்றில் பறக்கும் மணல் அதன் கிளைகளில் தங்கிச் சிறு மேடாகும். அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு பின்னர் புற்கள் வரும். புற்கள் அடர்ந்தபின் கீரைக்கு அங்கே இடமில்லை. அடுத்த புயல் வேறொரு இடத்தில் மணலைக் கழுவித் திறந்துவிடும். மண்ணுக்குள் கிடக்கும் விதை அங்கே எழும்.

ஆகவே புயல் அதற்குப் பகையன்று. பகையானது கரையை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க மனிதர் எழுப்பிய கற்சுவர். கடற்கரை துப்புரவாக இருக்க வேண்டும் என்று இயந்திரங்களால் மணலை வாரிச் சீவுவதும், மணல்மேல் வண்டிகளை ஓட்டுவதும் அதனோடு சேர்ந்துகொண்டன. பல மாநிலங்களில் அது அடியோடு மறைந்தது. 1993-இல் அந்நாட்டு அரசு அதனை அழிவை நெருங்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. நியூ ஜெர்சிக் கரையில் 1913-க்குப் பின் யாரும் காணாத அச்செடி, 2000-ஆம் ஆண்டில் மறுபடியும் முளைத்தது. இடம் கிடைத்தால் திரும்பி வரும் இயல்பு அதற்கு உண்டு. ஆனால் இடம் கிடைக்க வேண்டும்; அதன் நிலை இன்றும் உறுதியாகிவிடவில்லை.

நம் கரைக்கும் இது பொருந்தும். வெறும் மணலையும் உப்புத் தரையையும் பயனற்ற நிலம் என்று எண்ணுவது நம் பழக்கம். வரப்புக் கட்டி இறால் குட்டையாக்குவதும், மணல்மேட்டைச் சமன்செய்து கட்டடம் எழுப்புவதும், கரை நெடுகச் சவுக்குத் தோப்பு வைப்பதும் அந்த எண்ணத்தால் நிகழ்பவை. இறாலுக்கும் சவுக்குக்கும் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த நிலம் முன்பே ஒரு பயனைத் தந்துகொண்டிருந்தது என்பதை மறக்கக்கூடாது என்கிறேன். 1991-இல் முதன்முதலாக வெளியான கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, பின்னர் 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. மணல்மேடுகளையும் உவர்நிலச் சதுப்புகளையும் காக்கத்தக்க இடங்களாக அது குறிப்பிடுகிறது. சட்டத்தில் அவ்வாறு எழுதியிருக்கிறது. அங்கே என்ன முளைக்கிறது என்று அறிந்தவர்கள் ஊரில் இருந்தால்தான் சட்டத்துக்கும் வாய் உண்டாகும்.

இனி, நம் வீட்டு அளவில் செய்யக்கூடியது என்ன? கண்ட இடத்தில் கண்டதைப் பறித்து உண்ணுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாக்கடை ஓரத்திலும் வண்டிகள் ஓடும் பெருவழியிலும் பூச்சிமருந்து தெளித்த வயலிலும் நிற்கும் கீரையைத் தொடவேண்டாம். அது மண்ணில் உள்ள நஞ்சையும் சேர்த்து உறிஞ்சியிருக்கும். நீண்ட வறட்சியில் வாடி நிற்கும் செடியும், மிகுந்த உரம் ஏறிய இடத்துச் செடியும் நைட்ரேட்டை மிகுதியாகச் சேர்த்து வைத்திருக்கும். அவற்றையும் விலக்குவது நல்லது. கீரையில் ஆக்ஸாலிக் அமிலமும் உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவாக உண்ண வேண்டும். காட்டுக்கீரையைப் பொறுத்தவரை, வேகவைத்த முதல் நீரை வடித்துவிடுவது பழைய வழக்கம். அது அறிவுள்ள வழக்கம். இவற்றைக் கவனித்துக்கொண்டால், கீரையைப் போல் மலிவாகச் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் வைட்டமின்களும் தரும் உணவு வேறில்லை.

அடையாளம் ஐயமாக இருந்தால் அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். வயல்வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழில் நீங்கள் ஒரு பெயரைச் சொல்ல, அவர்கள் தெலுங்கில் ஒரு பெயரைச் சொல்வார்கள். அதைவிட நல்ல மொழிப்பாடம் இல்லை. மாடியில் பழைய தொட்டி ஒன்றில் மண்ணை மட்டும் நிரப்பி, ஒரு மழைக்காலம் விட்டு வையுங்கள். எது தானாக முளைக்கிறது என்று பிள்ளைகளோடு பாருங்கள். முளைத்ததன் பெயரை இரண்டு மொழியிலும் அவர்களைச் சொல்லச் செய்யுங்கள். இலை நுனியில் வெட்டு உண்டா, கணுவில் முள் உண்டா, தண்டு சிவப்பா என்று தொட்டுப் பார்க்கட்டும்.

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் கூறுகிறது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. அந்த மாற்றங்களில் வீட்டை விட்டு நகராமலே வேற்று மாநிலத்தவர் ஆனவர்களும் உண்டு. பிழைப்பைத் தேடிப் பின்னர் வந்தவர்களும் உண்டு. இரு சாராரின் வீட்டுக் கொல்லையிலும் அதே குப்பைக்கீரை முளைக்கிறது. அடுத்த முறை அதைக் களையென்று பிடுங்குமுன், குனிந்து ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் நினைவுக்கு வந்தால் அருகில் இருக்கும் குழந்தைக்கு அதைச் சொல்லுங்கள். பறிப்பதானால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சமையுங்கள்.